கூண்டுக்குள்ள போய் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க

நேத்து சாயங்காலம் எங்க தெருவுல கடைசி வீட்டு அக்கா வாட்ஸ்ஆப்ல ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க. புதுக் கோழிக்கூண்டு. பச்சை பெயிண்ட், சிவப்புக் கூரை, முன்னாடி சின்னதா ஒரு ஏணி. "எப்படி இருக்கு?"ன்னு கேட்டு ஒரு இதயம் வேற.

போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். முட்டைப் பெட்டி மேல இருக்கு. கோழி உட்கார்ற கம்பு கீழ இருக்கு.

போச்சு.

மூணு வருஷத்துக்கு முந்தி நான் ஏமாந்த அதே இடம். உடனே வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பிச்சேன். ஏழு நிமிஷம் ஓடிருச்சு. அக்கா இன்னும் கேட்கலை (டிக் நீலமாகவே இல்லை, ஏழு நிமிஷம்னு பார்த்ததும் பயந்திருப்பாங்க). சரி, பேசினது வீணாப் போகக் கூடாதுன்னு இங்க எழுதுறேன்.

நாங்க இருக்கிறது மதுரைக்கு வெளியே. வீட்டுக்குப் பின்னாடி ஒன்றரை சென்ட் இடம், ஒரு முருங்கை, ஒரு துணி துவைக்கிற கல்லு. பத்து சிறுவிடைக் கோழி, ஒரு சேவல். பகல் முழுக்க அங்கிட்டும் இங்கிட்டும் மேயும், ராத்திரிக்கு மட்டும் கூண்டு. இந்தப் பதினோரு ஜீவனுக்கு நான் இதுவரைக்கும் மூணு கூண்டு போட்டாச்சு. எங்க வீட்டு ஆளு கணக்குப் பார்த்துட்டு, "இந்தக் காசுக்கு வாழ்நாள் பூரா கடையிலயே முட்டை வாங்கியிருக்கலாம்"னு சொல்லிட்டார். அந்தக் கணக்கை நான் இங்க போடப் போறதில்லை.

முதல் கூண்டு, ஆன்லைன்ல வாங்கினது. பார்க்க அக்கா வீட்டுக் கூண்டுக்கு அண்ணன் மாதிரி. "8 கோழிகளுக்கு ஏற்றது"ன்னு போட்டிருந்தான். வந்து இறங்கினதும் அத்தை ஒரு சுத்துச் சுத்திப் பார்த்துட்டு, "ஏத்தா, இது புறாவுக்கா?"ன்னு கேட்டாங்க.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா அளந்து பார்த்தா அவங்க கேட்டது சரி. உள்ள இருந்த கம்பு மூணு அடி. மூணு அடின்னா 36 அங்குலம். எட்டுக் கோழிக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு நாலரை அங்குலம். ஒரு கோழி நெருக்கடி இல்லாம உட்கார எட்டுலருந்து பத்து அங்குலம் வேணும். நாலரை அங்குலத்துல மைனா உட்காரலாம்.

அதுலயும் அந்தக் கம்பு தரையிலருந்து அரை அடி உயரத்துல. முட்டைப் பெட்டி ஒண்ணேகால் அடி உயரத்துல. முதல் நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கம்புல ஒரு கோழி கூட இல்லை. அத்தனையும் முட்டைப் பெட்டிக்குள்ள, தீபாவளிக்கு முந்தின நாள் டவுன் பஸ் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு.

கோழிகிட்ட நீங்க எவ்வளவு அன்பாப் பேசினாலும் அது கேட்கிறது ஒரே ஒரு விதியைத்தான். பொழுது சாஞ்சா, எட்டுற இடத்துலயே எது உயரமோ அங்க போய் உட்காரணும். அதோட பாட்டன் காட்டுக்கோழி, மரத்துல தூங்கின சாதி. கீழ தூங்கினா நரி தூக்கிட்டுப் போயிரும்னு இன்னும் அது உடம்புல இருக்கு. நம்ம வீட்டுல நரி இல்லைன்னு அதுக்கு யார் சொல்றது?

அதனால பெட்டி உசரத்துல இருந்தா பெட்டியில தூங்கும். தூங்கிற இடத்துலதான் எச்சம் போடும். ஒரு நாளைக்குப் போடுறதுல பாதிக்குப் பாதி ராத்திரியில, அதுவும் உட்கார்ந்த இடத்துலயே. காலையில அதே பெட்டியில முட்டை. நான் ரெண்டு மாசம் தினமும் முட்டையைக் கழுவினேன். (கழுவவும் கூடாது. முட்டை ஓட்டு மேல இயற்கையா ஒரு பூச்சு இருக்கு. கழுவினா அது போயிரும், கிருமி உள்ள போக வழி கிடைச்சிரும், சீக்கிரம் கெடும். கழுவ வேண்டிய நிலைமை வராம பார்த்துக்கிறதுதான் வேலையே.)

ஆக, அக்கா, நீங்க எப்பவாவது இதைப் படிச்சா: கம்பு மேல, பெட்டி கீழ. கம்பை விடப் பெட்டி ஒரு அடியாவது தாழ்ந்து இருக்கணும். பெயிண்ட் எந்தக் கலரா வேணா இருந்துட்டுப் போகட்டும்.

ரெண்டாவது கூண்டுக்கு நானே படம் வரைஞ்சேன். அங்கதான் தப்பு. படத்துல நான் வரைஞ்சது கூண்டோட வெளிப்பக்கம். நாலுக்கு நாலு அடி, மூணரை அடி உயரம், ரெண்டு அடி இரும்புக் கால், மேல தகரம். வெல்டிங் பட்டறை அண்ணன் படத்தை வாங்கிப் பார்த்துட்டு, "உள்ள என்ன தங்கச்சி வரும்?"னு கேட்டார். "கோழி வரும்ணே"ன்னேன். அவரும் பாவம், வேற என்ன கேட்பார்.

இந்தத் தடவை உஷாரா கம்பை மேல வச்சாச்சு, பெட்டியைக் கீழ வச்சாச்சு. ஆனா பெட்டி எங்க? கம்புக்கு நேர் கீழ, பின்சுவத்து மூலையில. கதவு முன்பக்கம். கூண்டோட ஆழம் நாலு அடி. என் கையோட நீளம் ரெண்டு அடி சொச்சம்.

மிச்சம் ரெண்டு அடிக்கு நான் போகணும்.

தினமும் காலையில நைட்டியோட இடுப்பு வரைக்கும் கூண்டுக்குள்ள. நேர் மேல கம்பு. கம்புல சில பேர் இன்னும் எந்திரிக்கலை. இதுக்கு மேல விவரம் வேணாம். எங்க வீட்டு ஆளு பாவம் பார்த்துக் குழிக்கரண்டியை ஒரு கம்புல கட்டிக் கொடுத்தார். மூணு முட்டை உடைஞ்சுது. கரண்டி திரும்ப அடுப்படிக்கு வரக் கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க.

அப்புறம் மழை வந்துச்சு. ஐப்பசி அடைமழை. சாரல் அடிக்கக் கூடாதுன்னு மூணு பக்கமும் தகரம் வச்சு மூடியிருந்தேன். பெரிய புத்திசாலித்தனம்னு நினைப்பு. ஒரு வாரத்துல நாலு கோழி தும்ம ஆரம்பிச்சுது. சளி மருந்து எழுதித் தருவார்னு கால்நடை டாக்டர்கிட்ட ஓடினா, அவர் கேட்ட முதல் கேள்வி, "காலையில கூண்டுக்குள்ள தலையை விட்டா உங்களுக்குக் கண்ணு எரியுதா?"

எரியும். நல்லா எரியும்.

ஈர எச்சத்துலருந்து அமோனியா வரும். நின்னுக்கிட்டு மோந்தா நமக்குத் தெரியாது, கோழியோட மூக்கு இருக்கிற உயரத்துல போய் மோந்தாத்தான் தெரியும். ராத்திரி பூரா அதைத்தான் அதுங்க இழுத்திருக்கு. மருந்து சீட்டுல அவர் ஒண்ணும் எழுதலை. மேல ரெண்டு பக்கமும் தகரத்தை வெட்டி வலை போடச் சொன்னார். காத்து கோழிக்குத் தலைக்கு மேல போகணும், மேல அடிக்காம. வெட்டினோம். தும்மல் நின்னுச்சு.

சித்திரையில வேற கூத்து. மதுரை வெயிலுக்குத் தகரக் கூரை தோசைக்கல்லு. பொழுது சாஞ்சும் உள்ள அனல். ஒரு கோழியும் உள்ள போகலை. றெக்கையைத் தூக்கிக்கிட்டு, வாயைப் பொளந்துக்கிட்டு வாசல்லயே நிக்குது. அப்புறம் வரிசையா முருங்கை மரத்துல ஏறிருச்சு. நானும் அவரும் ராத்திரி ஒம்பது மணிக்கு மரத்துல கோழி பறிச்சோம்.

இதையெல்லாம் திண்ணையிலருந்து பார்த்துக்கிட்டிருந்த அத்தை சொன்னாங்க: "நாங்க பஞ்சாரத்தைக் கவுத்தோம், மேல ஒரு கல்லை வச்சோம், சோலி முடிஞ்சுது. நீங்க கோழிக்கு வீடு கட்டுறேன்னு..."

அன்னைக்குக் கோபம் வந்துச்சு. அப்புறம் படுத்துக்கிட்டு யோசிச்சா, அந்தப் பஞ்சாரத்தை மாதிரி புத்தியோட செஞ்ச கூண்டு இல்லை. மூங்கில் பின்னல், சுத்திலும் காத்து. தினம் இடத்தை மாத்திக் கவுக்கலாம், அதனால எச்சம் ஒரே இடத்துல சேராது. தூக்கினா மொத்தக் கூண்டும் கதவுதான், கை எட்டாத மூலைன்னு ஒண்ணு கிடையாது. கம்பு இல்லைங்கிறதும், கீரி, நாய்க்குத் தாங்காதுங்கிறதும்தான் குறை. அதுக்குத்தான் ராத்திரி வீட்டுக்குள்ள கவுத்தாங்க. இப்ப டைல்ஸ் போட்ட வீட்டுக்குள்ள யார் கவுக்க விடுவா? (அத்தையே விட மாட்டாங்க.)

மூணாவது கூண்டுக்கு நான் முதல்ல செஞ்சது, சாக்பீஸை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனது. ஆறுக்கு நாலு அடி, நிஜ அளவுல கட்டம் போட்டேன். ராத்திரி மட்டும் அடையிற கோழிக்கு ஒண்ணுக்கு ரெண்டு சதுர அடி போதும். 24 சதுர அடியில பதினோரு பேர் தாராளம். (நாள் பூரா அடைச்சு வைக்கிறவங்க இதைப் பார்த்துக் கட்டாதீங்க, ரெட்டிப்பு இடம் வேணும்.) கம்பு வர்ற இடத்துல துடைப்பக் குச்சி. பெட்டி வர்ற இடத்துல பழைய செருப்பு அட்டைப்பெட்டி. அப்புறம் கட்டத்துக்குள்ள நான் போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்து மாடியில வத்தல் காயப்போட்டுக்கிட்டிருந்த பாட்டி என்ன நினைச்சாங்களோ தெரியாது.

ஆனா உள்ள உட்கார்ந்தாத்தான் தெரியும். இங்கருந்து கை எங்க எட்டுது, கூட்டுறப்ப விளக்குமாறு எங்க இடிக்கும், கோழி கம்புலருந்து குதிச்சா எங்க இறங்கும். எல்லாம் கால் மணி நேரத்துல விளங்கிருச்சு. இதை முதல் கூண்டுக்கு முன்னாடியே செஞ்சிருந்தா... விடுங்க.

கம்புலருந்து ஆரம்பிச்சேன். யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க நாலு அங்குலப் பலகையை அகலவாட்டுல போடச் சொல்றாங்க. நானும் பலகை வாங்கவே போயிட்டேன். அப்புறம்தான் காரணத்தைக் கேட்டேன்: அங்க பனி கொட்டுற ஊரு, கால் விரல் விறைச்சுப் போயிரும், அகலப் பலகைன்னா கோழி தன் இறகாலயே விரலை மூடிக்கும். மதுரையில! கால் விறைக்கிற குளிரு! ரெண்டு அங்குல கனத்துல சவுக்குக் கம்பு ரெண்டு வாங்கி, பட்டையை உரிச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாச்சு. கூர் விளிம்பு இருக்கக் கூடாது. உள்ளங்கால்ல கீறல் விழுந்தா அது வீங்கிப் புண்ணாகி நொண்ட ஆரம்பிச்சிரும்.

ரெண்டு கம்பும் ஒரே உயரம், ரெண்டரை அடி. ஏணி மாதிரி மேலயும் கீழயுமா வைக்கலாமேன்னு தோணும். வச்சா தினம் சாயங்காலம் மேல் கம்புக்குக் குடுமிப்பிடி. கோழிக்குள்ள யார் பெரியவ, யார் யாரைக் கொத்தலாம்னு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஒருத்தர் செல்டெரப் எப்பேன்னு, சின்னப் பிள்ளையிலருந்து கோழியையே பார்த்துக்கிட்டிருந்து 1921-ல இதை ஆராய்ச்சியாவே எழுதிட்டார். எங்க வீட்டுல அந்தப் பெரியவ கருப்பு வெடைக்கோழி. ஒரே உயரம்னு வச்சதுல அவளுக்குப் பெருமை கொஞ்சம் குறைஞ்சிருக்கு, மத்தவங்களுக்கு நிம்மதி. (பெருவிடை வளர்க்கிறவங்க ஒன்றரை அடிக்கு மேல போகாதீங்க. எடை ஜாஸ்தி, தினம் குதிச்சா கால் போயிரும்.)

பின்சுவத்துலருந்து முதல் கம்பு ஒரு அடி தள்ளி. இல்லைன்னா வால் சுவத்துல உரசும், எச்சம் சுவத்துல வழியும். அடுத்த கம்பு அதுலருந்து ஒண்ணேகால் அடி. முன்னாடி ஒண்ணே முக்கால் அடி சும்மா விட்டாச்சு, இறங்கிற இடம்.

கம்பை ஆணி அடிக்கலை. பிவிசி குழாயைப் பாதியா அறுத்துச் சுவத்துல பதிச்சு, அதுல சும்மா உட்கார வச்சிருக்கோம். இது என் சொந்த யோசனை, அதனால கொஞ்சம் அலட்டிக்கிறேன். செள்ளு பகல்ல கம்போட மூட்டு, இடுக்குல ஒளிஞ்சுக்கிட்டு ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். ரெண்டாவது கூண்டுல வெல்டு அடிச்ச கம்பைக் கழட்டவும் முடியாம, இடுக்கைத் துடைக்கவும் முடியாம நான் பட்ட பாடு! இப்ப மாசம் ஒரு தடவை கம்பைத் தூக்கி வெயில்ல போட்டு, முனையில வேப்பெண்ணெய் தடவி, திரும்ப வச்சா ஆச்சு.

கம்புக்குக் கீழ என்ன விரிக்கலாம்னு ரொம்ப யோசிச்சோம். தட்டு வாங்கினோம், துரு ஏறிச்சு. சாக்கு போட்டோம், நாறிச்சு. கடைசியில பரண்ல கிடந்த ஃபிளெக்ஸ் பேனர். மதுரையில பேனருக்கா பஞ்சம்? எங்க சொந்தத்துல நடந்த காதணி விழாப் பேனர், அத்தனை தாய்மாமனும் கைகூப்பிக்கிட்டு நிக்கிறாங்க. அத்தை பார்த்துட்டுப் பதறி, "மூஞ்சியைக் கீழ திருப்பிப் போடு"ன்னுட்டாங்க. வெள்ளைப் பக்கம் மேல. காலையில ரெண்டு முனையைப் பிடிச்சு இழுத்தா மொத்த எச்சமும் சுருட்டிக்கிட்டு வந்து எருக்குழியில விழுந்துரும். ரெண்டு நிமிஷ வேலை. மத்த இடத்துல மூணு அங்குலம் நெல் உமி, வாரம் ரெண்டு தடவை கிளறி விடணும், ஈரமான இடத்தை அள்ளிப் போட்டுரணும்.

முட்டைப் பெட்டி, இந்தத் தடவை உள்ள இல்லை! பக்கவாட்டுச் சுவத்துலருந்து வெளிய துருத்திக்கிட்டு நிக்குது, மேல கீல் வச்ச மூடி. கோழி உள்ளிருந்து போகும், நான் வெளிய நின்னு மூடியைத் தூக்கி எடுத்துக்குவேன். நைட்டி சுத்தம், தலை சுத்தம். நாலஞ்சு கோழிக்கு ஒரு பெட்டி போதும்னு கணக்கு, மூணு வச்சேன். ஒவ்வொண்ணும் ஒரு அடிக்கு ஒரு அடி. முன்னாடி நாலு அங்குலத் தடுப்பு, வைக்கோல் சிந்தாம இருக்க. மூடி சரிவா இருக்கணும், தட்டையா விட்டா அதுமேல ஏறி அசிங்கம் பண்ணும்.

மூணு பெட்டி வச்சேனா? பத்துக் கோழியும் நடுப் பெட்டியிலதான் முட்டை போடும். மத்த ரெண்டும் புத்தம் புதுசா கிடக்கு. ஒண்ணு உள்ள இருந்தா அடுத்தது வெளிய நின்னு ரேஷன் கடை வரிசை மாதிரி கத்துது. பக்கத்துப் பெட்டி காலி, போ தாயின்னா போகாது. முட்டை கிடக்கிற இடத்துலதான் முட்டை போடணும்னு அதுக்கு நினைப்பு. அத்தை சொல்லித்தான் காலிப் பெட்டியில ஒரு முட்டையை எடுக்காம விட்டு வைக்கிறேன். இப்ப ரெண்டு பேர் மனசு மாறியிருக்காங்க.

அடைக்கோழிக்குத் தனி இடம் ஒதுக்காதது என் புத்தி. சிறுவிடை பத்துப் பதினஞ்சு முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துரும், குஞ்சு பொரிக்க 21 நாள். அதுவரைக்கும் பெட்டியை விடாது, வேற யாராவது வந்தா கொத்தும், அவங்களும் அதுக்குள்ளயே புது முட்டையைப் போட்டுட்டு ஓடிருவாங்க. எது எந்தத் தேதி முட்டைன்னு தெரியாம கூமுட்டைக் குழப்பம். இப்ப அடைக்கோழி அத்தை பொறுப்பு. கூடையில மணல், வைக்கோல், அடுப்புக்கரி ஒரு துண்டு, வரமிளகாய், ஒரு இரும்பு ஆணி. இடி இடிச்சா முட்டை கெடாம இருக்கவாம். நான் வாயைத் திறக்கலை. போன தடவை பன்னெண்டுக்குப் பதினொண்ணு பொரிச்சுது.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடுறேன். தரை ஒரு அடி உசத்தி சிமெண்ட், பெருச்சாளி தோண்டிக்கிட்டு வரும். கூண்டோட நீளம் கிழக்கு மேற்கா, வெயில் நேரா உள்ள விழாது. ஒன்றரை அடி செங்கல் சுவரு, அதுக்கு மேல வலை, கூரையை ரெண்டரை அடி வெளிய இழுத்தாச்சு. அடைமழைக்கு மட்டும் தார்ப்பாயை இறக்கி விடுவோம், அதுவும் மேல ஒரு சாண் திறந்தே இருக்கும். தகரத்து மேல தென்னங்கீத்து.

வலை வாங்கப் போனா கடையில "கோழி வலை"ன்னே ஒண்ணு தருவாங்க, அறுகோணக் கண்ணு. பேரை நம்பாதீங்க. அது கோழி வெளிய போகாம இருக்கத்தான், கீரி உள்ள வராம இருக்க இல்லை. நாய் பல்லால இழுத்தே கிழிச்சிரும். அரை அங்குலக் கண்ணு வெல்டு வலை கேளுங்க, விலை கூடத்தான்.

கதவு ஆள் நுழையிற மாதிரி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. உள்பக்கம் திறக்கிற கதவு உமி சேரச் சேரத் திறக்காது. தீனி, தண்ணி உள்ள வேணாம். இருட்டுல கோழிக்குக் கண்ணு சரியாத் தெரியாது, குடிக்காது, தட்டி விட்டு உமியைத்தான் நனைக்கும். தீனி இருந்தா எலி வரும், எலி வந்தா பின்னாடியே சாரைப்பாம்பு வரும். எங்க வீட்டுல ஒரு தடவை வந்துச்சு. அன்னைக்குப் பெட்டி மூடியைத் தூக்கினது நான் இல்லை, எங்க வீட்டு ஆளு. அதுலருந்து அவர் முட்டை எடுக்கிறதில்லை.

எழுதி முடிக்கிறதுக்குள்ள அக்கா பதில் போட்டுட்டாங்க. ஏழு நிமிஷத்தையும் கேட்டாங்களாம். "சரிப்பா, கம்பை மேல தூக்கிடுறேன். பெட்டி எங்க வைக்க?"ன்னு கேட்கிறாங்க. நாளைக்கு டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கிட்டு அங்க போறேன்.

என் முதல் கூண்டு இன்னும் மாடியில கிடக்கு. நல்ல பைன் மரம், பூட்டு கூட இருக்கு. மதுரைப் பக்கம் யாராவது புறா வளர்க்கிறதா இருந்தா வந்து தூக்கிட்டுப் போங்க, காசு வேணாம்.